கோட்டோரத்து நயங்கள்

பொங்கல் கழிந்த கையோடு தென்மாவட்டத்து ஊர்களில் கபடிப் போட்டிகள் தொடங்கிவிடும். ஊர் முகப்பில் பிளக்ஸ் நிற்கும். நோட்டீஸில் பரிசுத் தொகையும் அதைக் கொடுப்பவர் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். பொழுது சாய்ந்தபின் களத்துக்குத் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு இழுத்து, நாலு மூலையிலும் கம்பு நட்டு போகஸ் லைட் கட்டுவார்கள். மைக் செட்டில் ஒருவர் அணிகளின் பெயரை அழைக்கத் தொடங்கினால் முடிய விடிந்துவிடும். போட்டி நடத்தும் குழு ஒரு போட்டோகிராபரையும் ஏற்பாடு செய்திருக்கும். மறுவாரம் அவர் கொண்டுவரும் ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். விருந்தினர் இரண்டு அணிக்கும் வரிசையாகக் கை கொடுக்கிறார். ஒருவருக்கு இன்னொருவர் பொன்னாடை போர்த்துகிறார். ஒரு கோப்பையை எட்டுக் கைகள் பிடித்திருக்கின்றன. எல்லாரும் காமிராவைப் பார்க்கிறார்கள். ராத்திரி முழுக்க நடந்த கபடி மட்டும் அதில் இல்லை. இருந்தாலும் இரண்டு மூன்று படம்தான். மேடையில் நின்றபடியே எடுத்தது, ஆள் அடையாளம் தெரியாது.

அந்த ஆல்பத்துக்குள் வராமல் போன படங்களைப் பற்றித்தான் பேச வருகிறேன். மேடையை விட்டு இறங்கி, கோட்டோரம் சம்மணமிட்டு உட்கார்ந்த ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் படங்கள் அவை.

2014-இல் புரோ கபடி வந்தபிறகு இந்த ஆட்டத்தின் படங்களுக்குப் பஞ்சமில்லை. சீரான ஒளி, மேட், பளிச்சென்ற ஜெர்சி, பின்னாலிருக்கும் கூட்டம் கரைந்து வெறும் வண்ணமாகிப்போன அழகான படங்கள். அவற்றைப் பார்க்கிறவருக்கு ஆடுகிறவர் யாரென்று முன்பே தெரியும். அவர் என்ன சாகசம் செய்தார் என்று காட்டினால் போதும். ஊர்க் களத்துப் படத்தைப் பார்க்கப்போகிறவர்கள் வேறு ஆட்கள். அந்தப் பையனின் அம்மா, அக்கா, கூடப் படித்தவன், திருப்பூரிலோ துபாயிலோ வேலையிலிருக்கும் அண்ணன். இவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். முழங்காலில் என்ன கட்டு, யாருடைய ஜெர்சியை வாங்கிப் போட்டிருக்கிறான், பின்னால் கையைத் தூக்கி நிற்பது நம் சித்தப்பாவா என்று துருவுவார்கள். அப்படித் துருவிப் பார்க்கிற கண்ணுக்குத் தீனி போடுவதில்தான் ஊர் விளையாட்டுப் படத்தின் நயமெல்லாம் இருக்கிறது.

காலிலிருந்து தொடங்கலாம். ஆண்கள் களத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. எதிரணியில் ஆறு பேராவது களத்தில் நிற்கும்போது, பாடிப் போகிறவன் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றி, அந்த நேரத்தில் மறுகால் தரையில் படாமல் வைத்திருந்தால் ஒரு புள்ளி. நின்றுகொண்டு எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. காமிராவைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டால், பின்னங்காலின் பெருவிரலுக்கும் மண்ணுக்கும் நடுவில் இரண்டு விரல்கடை இடைவெளி தெரியும். அந்த இடைவெளி வழியே எதிர்ப்பக்கத்து விளக்கின் ஒளி ஒரு கோடாக வந்துவிட்டால் அதற்குமேல் அந்தப் படத்துக்கு ஒன்றும் வேண்டாம். நடுவர் கட்டைவிரலைத் தூக்குகிறார், பிடிக்கிற அணி “கால் ஊனிட்டான் சார்” என்று கத்துகிறது, கூட்டம் இரண்டுபட்டு நிற்கிறது. இத்தனை சத்தத்துக்கும் காரணம் அந்த இரண்டு விரல்கடை வெளிச்சம்தான்.

ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்ற கேள்விக்கு 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் வரிசையாகக் காமிராக்களை நிறுத்தி விடை சொன்னார். எழுகின்றன என்று படம் காட்டியது. மனிதக் கண்ணுக்கு அவ்வளவு வேகம் போதாது. ஊர்க் கபடியில் ஒவ்வொரு போனஸும் அதே கேள்வியைக் கேட்கிறது. ஆனால் படத்தை எடுத்துக்கொண்டு போய் நடுவரிடம் நீட்டக்கூடாது. தீர்ப்பு அவருடையது. நமக்குக் கிடைத்தது அந்தக் கால்தான். குதிகால் வெடிப்பில் அப்பிய சுண்ணாம்பு, பெருவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரி அவிழ்ந்து தொங்குவது, கணுக்காலில் போன வாரத்துச் சிராய்ப்பு காய்ந்திருப்பது. வீட்டில் பார்க்கிறவர் முதலில் இதைத்தான் கண்டுபிடிப்பார். “காயத்தை மறைச்சுட்டுல்லா ஆடியிருக்கான்” என்று ஒரு குரல் எழும்.

அடுத்தது வாய். பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் ‘கபடி, கபடி’ என்று விடாமல் சொல்லவேண்டும். அதில் ‘ப’ வருகிறபோது மட்டும் உதடுகள் சேர்கின்றன. அந்தக் கணத்தில் விழுந்த படத்தில் அவன் எதையோ கணக்குப் போடுகிறவனாக, அமைதியாக இருப்பான். மறுகணம் ‘டி’யில் பல் தெரிய, கழுத்து நரம்பு புடைக்க, பாய வருகிறவனாக மாறிவிடுவான். ஒரே பையன், ஒரே நொடிக்குள் இரண்டு ஆள். பெரும்பாலும் பல் தெரியும் படத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு உதடு மூடிய படம் பிடிக்கும். ஏழு பேர் சூழ நிற்கும் இடத்துக்குள் தனியாகப் போனவனின் நிதானம் அதில்தான் தெரிகிறது. இப்படிப் பாடிப் போய்வரும் ஒரு ரைடுக்கு 30 நொடி. அதில் பெரும்பகுதி அங்குமிங்கும் அலைந்து இடம் பார்ப்பதிலேயே போய்விடும். தொடுவதும் பிடிப்பதும் இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடுகிற காரியம். அலைகிற அந்த நேரத்தைப் படமெடுப்பவர்கள் வீணென்று நினைத்துக் காமிராவை இறக்கிவிடுகிறார்கள். ஆட்டக்காரனின் முகம் முழுசாகக் கிடைப்பது அப்போதுதான்.

கண்களுக்கு வருவோம். கெட்டிக்கார ரைடர் தொடப்போகிற ஆளைப் பார்க்கமாட்டான். வலது கார்னரில் நிற்பவனைப் பார்த்துக்கொண்டே இடது காலை நீட்டுவான். பிடிக்க நிற்பவர்களில் அனுபவஸ்தன் அவன் கண்ணை நம்பமாட்டான். இடுப்பையும் காலையுமே பார்த்துக்கொண்டிருப்பான். முதல்முறை டீமில் இறங்கியிருக்கும் சின்னப் பையன் மட்டும் ரைடரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஏழு பேரும் ஒரு சட்டகத்துக்குள் வந்தால், யார் எத்தனை வருஷமாக ஆடுகிறவன் என்பதைக் கண் போகும் திசையை வைத்தே சொல்லிவிடலாம். இந்தப் படத்தில் ஒருவரும் ஒருவரையும் தொடவில்லை. புள்ளி எதுவும் விழவில்லை. ஆனால் ஆட்டம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

கைகளைத் தனியாகப் பார்க்கவேண்டும். கார்னரில் நிற்பவனும் அவனுக்கு உள்பக்கம் நிற்பவனும் கை கோத்துக்கொண்டு ஒரே காலடியில் முன்னும் பின்னும் அசைவார்கள். ரைடரை விட்டுவிட்டு அந்தக் கோத்த விரல்களில் மட்டும் போகஸை நிறுத்திப் பாருங்கள். ஒரு மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, இன்னொன்றில் வாட்ச் கட்டிக் கட்டி வெளுத்த தடம். ஒருவன் விரல் இறுக்கிப் பிடித்திருக்கிறது, மற்றவன் விரல் அந்த இறுக்கத்தில் வெளுத்துப்போயிருக்கிறது. இந்த இரண்டு பேரும் பகலில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாதவர்களாகக்கூட இருக்கலாம். களத்துக்குள் ஒருவன் எந்த நேரம் பாய்வான் என்பது இன்னொருவனுக்குக் கை வழியாகத்தான் தெரியவரும்.

இதையெல்லாம் பார்க்க எங்கே உட்காரவேண்டும்? கடைக்கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பாடி வருகிறவன் முகம் நேரே வரும். பிடிக்கிறவர்களின் முதுகும் முழங்காலுமாக ஒரு வேலி முன்னால் நிற்கும். அந்தக் கால்களின் இடுக்கு வழியே தெரிகிற முகத்துக்கு ஒரு தனிக் களை உண்டு. போனஸ் கோட்டுக்கும் கடைக்கோட்டுக்கும் நடுவே இருப்பது ஒன்றே முக்கால் மீட்டர்தான் என்பதால், ஆட்டம் மடியில் வந்து விழவும் வாய்ப்புண்டு. கொஞ்சம் தள்ளி உட்காருவது ஆட்டக்காரனுக்கும் நல்லது, காமிராவுக்கும் நல்லது. நடுக்கோட்டின் முனையில் உட்கார்ந்தால் வேறு கதை. போகிறபோது முதுகுதான் கிடைக்கும். ஆனால் பிடிபட்டவன் நாலு பேரை இழுத்துக்கொண்டு, குப்புற விழுந்து, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட முயல்கிறானே, அந்த நீட்டல் முழுவதும் நமக்கு நேரே வரும். விரல் நுனிக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண். மேலே நாலு உடம்பு. ஓரத்தில் நடுவரின் ஷூ முனை.

இடம் என்றதும் விளையாட்டுப் படங்களிலேயே பேர்பெற்ற ஒன்று நினைவுக்கு வருகிறது. 1965 மே 25 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் ஊரில் முகமது அலி, சானி லிஸ்டனை முதல் ரவுண்டிலேயே வீழ்த்திவிட்டு அவர்மேல் குனிந்து கத்துகிற படம். எடுத்தவர் நீல் லைஃபர், அப்போது அவருக்கு 22 வயது. அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் அலியின் கால்களுக்கு நடுவே எதிர்ப்பக்கத்தில் இன்னொரு போட்டோகிராபர் தெரிவார். ஹெர்ப் ஷார்ஃப்மன், அனுபவத்தில் மூத்தவர். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. பெரிய போட்டிகளில் கொடுத்த இடத்தில் இருக்கவேண்டும். அதிர்ஷ்டம் எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. ஊர்க் களத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. “அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு ஒரு ரைடு இந்தப் பக்கம், ஒரு ரைடு அந்தப் பக்கம் என்று மாறி உட்காரலாம். உலகப் புகழ் பெற்ற படக்காரர்களுக்கு வாய்க்காத சுதந்திரம் இது.

ஒளியைப் பற்றிச் சொல்லவேண்டும். போகஸ் லைட்டின் கீழ் கண்ணுக்கு எல்லாம் பட்டப்பகலாகத்தான் தெரியும். காமிராவுக்கு அது இருட்டு. ஓடுகிற கையை அசையாமல் நிறுத்த 1/500 நொடி, இன்னும் நன்றாக நிறுத்த 1/1000 வேண்டும். அதற்கு லென்ஸ் நன்றாகத் திறக்கவேண்டும். ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றவேண்டும். 70-200 லென்ஸ் வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர். இல்லாதவருக்கு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 இருக்கிறது, சிறியது, விலை குறைந்தது. கோட்டோரம் உட்கார்ந்துவிட்டவருக்கு அதுவே போதும். அடுத்த தொல்லை மின்சாரம். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான விளக்குகள் அதனால் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு வேகமான ஷட்டரில் தெரிந்துவிடும். அடுத்தடுத்து எடுத்த மூன்று படத்தில் ஒன்று வெளிச்சம், ஒன்று மங்கல், ஒன்று மஞ்சள். ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் ஒளி சீராகும். கை கால்கள் இழுபட்டுப் போகும்.

இழுபட்டால் என்ன என்றும் கேட்கலாம். ரைடர் ஒரு கணம் நின்று, தலையை அசைக்காமல், கையை மட்டும் வீசுகிறான். 1/100-இல் முகம் துல்லியமாக நிற்கும். கை மட்டும் தோளிலிருந்து கிளம்பிய ஒரு வெளிச்சப் புகையாக மாறிவிடும். தொட்டானா, தொடவில்லையா என்று தெரியாது. ஆனால் அந்தக் கை எவ்வளவு வேகமாக வந்தது என்பது, விரல் விரலாக உறைந்த படத்தைவிட இதில் நன்றாகத் தெரிகிறது. தெளிவு ஒரு நயம் என்றால் கலங்கல் இன்னொரு நயம். ஃபிளாஷை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். பாடிப் போகிறவன் கண்ணில் அது அடித்தால் படம் கிடைக்கும், ஆட்டம் கெடும்.

மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் வேர்வையில் குழைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விழுந்து எழுந்தவன் முதுகில் எதிராளியின் ஐந்து விரலும் பதிந்திருக்கும். அதைப் பார்த்தாலே எந்த இடத்தில் பிடி விழுந்தது, எப்படி நழுவினான் என்று வாசித்துவிடலாம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிச் செம்மண் ஒட்டாது, பறக்கும். சாயங்கால ஆட்டமென்றால் வெயிலுக்கு எதிரே திரும்பி உட்காரவேண்டும். பின்னாலிருந்து வருகிற ஒளியில் புழுதி பொன்னாக எழும்பி நிற்கும். ஆள் போய்விட்ட பிறகும் அவன் போன வழி ஒரு நொடி காற்றில் தங்கியிருக்கும். மேட் போட்ட களத்தில் இந்த இரண்டும் கிடையாது. ஆடுகிறவனுக்கு மேட் நல்லதுதான், சிராய்ப்பு குறையும். படமெடுப்பவன்தான் மண்ணுக்கு ஏங்குவான்.

ஒரு பிடியை இப்படி அங்குலம் அங்குலமாகப் பார்த்து ரசிப்பது நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு மற்போரைப் பார்க்கிறார். சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத போர் அது. ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்தியிருக்கிறது. மறுகால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்பக்கம் வளைந்திருக்கிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல் தலையும் காலும் ஒருசேர முறிய வெல்கிறான். இரண்டு காலும் எங்கே இருந்தன என்று பிரித்துச் சொல்லும் கவனத்தைப் பாருங்கள். கோட்டோரம் உட்கார்ந்து பார்த்தவரின் கவனம் அது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாட்டுக்குள் இருக்கும் ஓர் ஆசை. இந்தக் காட்சியைக் கிள்ளியின் தந்தை தித்தன் பார்க்கவேண்டும், அவன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி என்கிறார் புலவர். அங்கே இல்லாத ஒரு தகப்பன் கண்ணுக்காகவே இரண்டு காலையும் இவ்வளவு துல்லியமாக வரைந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. காமிராவை எடுத்துக்கொண்டு ஊர்க் களத்துக்குப் போகிறவர் செய்யவேண்டிய வேலையும் இதுதான்.

அதே கிள்ளியை நக்கண்ணையாரும் பாடியிருக்கிறார். 85-ஆம் பாட்டில் ஒரு சாரார் வெற்றி அவனுக்கு என்கிறார்கள், இன்னொரு சாரார் இல்லை என்கிறார்கள். அவர் ஒரு பனையில் சாய்ந்து நின்று, வெற்றி அவனுடையதே என்று கண்டுகொள்கிறார். இன்றைக்கும் எந்த ஊர்க் களத்துக்குப் போனாலும் இந்த இரண்டு சாராரும் இருக்கிறார்கள். பனையும் இருக்கிறது, சாய்ந்து நிற்க ஆளும் இருக்கிறது. ஆகவே பின்னணியைக் கரைத்துவிட வேண்டாம் என்பேன். லென்ஸை முழுக்கத் திறந்து கூட்டத்தை வண்ணக் கூழாக்குவது எளிது. கொஞ்சம் மூடினால், டிராக்டர் டிரெய்லரில் ஏறி நிற்கும் பெண்கள் தெரிவார்கள். சைக்கிள் கேரியரில் நின்று தம்பியின் தோளைப் பிடித்திருப்பவன் தெரிவான். கயிற்றுக்கு இந்தப்பக்கம் தலையை நீட்டி, தானே பாடுகிறவனாக வாயை அசைக்கும் சிறுவன் தெரிவான். ரைடருக்குக் கொடுத்த மதிப்பைப் படம் இவர்களுக்கும் கொடுக்கவேண்டும்.

புள்ளி விழுந்தவுடன் எல்லாக் காமிராவும் வென்றவன் பக்கம் திரும்பும். அப்போது மறுபக்கம் திரும்பிப் பார்க்கிறவருக்குத்தான் ஆட்டத்தின் இன்னொரு பாதி கிடைக்கும். அவுட் ஆனவர்கள் களத்துக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் அணி ஒருவரை வீழ்த்தினால், வெளியே போன வரிசைப்படியே ஒருவர் உள்ளே திரும்பலாம். முதலில் உட்கார்ந்திருப்பவன் உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும். ஒரு கை தரையில் ஊன்றியிருக்கும், எழுந்துவிடத் தயாராக. கடைசியில் இருப்பவன் காலை நீட்டி, தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருப்பான். நம்பிக்கை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் தேய்கிறது என்பதை அந்த ஒரு வரிசை காட்டிவிடும். தோற்ற அணியில் யாராவது ஒருவன் ஜெர்சியைத் தூக்கி முகத்தைத் துடைப்பான். துடைப்பது வேர்வை மட்டும்தானா என்று படம் சொல்லாது. சொல்லாமல் விடுவதும் நல்ல படத்துக்கு அழகு.

கபடியை விட்டுப் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வந்தால், நயம் இடம் மாறுகிறது. ரிலே ஓட்டத்தில் பேட்டன் கைமாறும் இடத்தைப் பாருங்கள். பழகிய அணி என்றால் வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். முன்னால் பார்த்து ஓடத் தொடங்கிக் கையை மட்டும் பின்னால் நீட்டுவாள். தருகிறவளின் கண் அந்த உள்ளங்கையில் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படி ஓடுவதில்லை. வாங்குகிறவள் முழுசாகத் திரும்பி நின்று, “சீக்கிரம் வாடி” என்று இரண்டு கையையும் நீட்டுகிறாள். இரண்டு முகமும் ஒன்றையொன்று பார்க்கின்றன. கோச் தலையில் அடித்துக்கொள்வார், நேரம் போகும். ஆனால் படத்துக்கு அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. நீளத் தாண்டலில் மணல் சிதறுவதை எல்லாரும் எடுப்பார்கள். குழியில் உட்கார்ந்தபடியே தன் குதிகால் தடத்தைத் திரும்பிப் பார்க்கிறாளே, அந்தத் திரும்பலை எடுக்கவேண்டும். ஓட்டத்தின் முடிவில் ரிப்பனைத் தொட்ட மார்பு ஒரு படம். நாலாவதாக வந்தவள் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டே, முதலில் வந்தவளைப் பார்த்துச் சிரிப்பது இன்னொரு படம். அந்த இரண்டாவது படத்துக்குப் பரிசளிப்பு மேடையில் இடமில்லை.

சிறு பிள்ளைகளை எடுக்கும்போது மண்டியிடவேண்டும். நின்றபடி எடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் குட்டையாக, தலை பெருத்து, தரையோடு ஒட்டித் தெரிவார்கள். அவர்கள் கண் மட்டத்துக்குக் காமிராவை இறக்கிவிட்டால், ஆறாம் வகுப்புப் பையன் வானத்தின் முன்னால் நிற்பான். அவன் மனசில் அவன் அவ்வளவு உயரம்தான்.

பெரிய காமிரா இல்லையே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இரவு ஆட்டத்தில் போன் காமிரா ஓடும் கையைப் பிடிக்காது, இழுத்துவிடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். போனுக்கு ஏற்ற தருணங்கள் களத்தில் ஏராளம். பாடப் போகுமுன் நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறானே, அப்போது அவன் அசையமாட்டான். டைம் அவுட்டில் ஏழு தலைகளும் ஒன்றுகூடி நிற்க, நடுவில் கோச்சின் விரல் மட்டும் அசையும். ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் கை கொடுத்துக்கொள்ளும்போது, இதுவரை இடுப்பைப் பிடித்து இழுத்தவனின் காயத்தை இன்னொருவன் குனிந்து பார்ப்பான். புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள இந்த நிதானமான நேரத்தில்தான் ஆட்டக்காரர்கள் தாங்களாக இருக்கிறார்கள். அது விலை உயர்ந்த லென்ஸ் கேட்பதில்லை.

எடுக்காமல் விடவேண்டியவையும் உண்டு. அடிபட்டு வலியில் சுருண்டவனுக்கு முதலில் தண்ணீர்தான் வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் பிடியின்போது உடை விலகிய படம் எவ்வளவு நல்ல ஆட்டத்தைக் காட்டினாலும் அந்த இடத்திலேயே அழித்துவிடவேண்டும். சின்னப் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் ஊரெல்லாம் பகிரக்கூடாது. பள்ளியின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் சேர்த்துப் போடுவது அதைவிடத் தவறு. தான் எடுத்த படத்தை அந்தப் பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டால், எதை வைக்கலாம், எதை விடலாம் என்று தெரிந்துவிடும்.

ஆட்டக்காரர்கள் பலருக்கு ஆட்டம் சில வருஷம்தான். படிப்பு முடிகிறது, வேலை வருகிறது, முழங்கால் பேசத் தொடங்குகிறது. பரிசுத் தொகை டீம் செலவில் போய்விடும். கோப்பை யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும். அந்தப் பையன் ஒரு காலத்தில் எப்படி ஆடினான் என்பதற்குச் சாட்சியாக வேறொன்றும் மிஞ்சாது. எனவே போட்டி நடத்தும் குழுவினரிடம் ஒரு கோரிக்கை. போட்டோகிராபருக்கு மேடையில் அரைமணி நேரம் போதும். மீதி இரவு அவரைக் கோட்டோரம் உட்கார வையுங்கள். எடுத்த படங்களைப் போனில் அனுப்பிவிட்டதோடு நிறுத்தாமல், ஆளுக்கு ஒன்றாக அச்சடித்து, வென்றவர் தோற்றவர் என்று பார்க்காமல் ஆடிய எல்லார் கையிலும் கொடுங்கள். ஒரு பொன்னாடைக்கு ஆகிற பணத்தில் ஒரு டீமுக்கே படம் போட்டுவிடலாம்.